மேலே பார்த்து நிற்கும் பீரங்கி

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

சேகர், காலை 7:42
[படம்]
பெட்டியைப் பிரித்தாயிற்று. போஃபர்ஸ் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பிளாஸ்டிக் மாதிரி, 1:35 அளவு, அதாவது நிஜத்தில் 35ல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடியே பாகங்கள். சாப்பாட்டு மேசையில் இனி ஒரு டம்ளர் வைக்கக்கூட இடமில்லை.

மல்லிகா, காலை 7:44
மதியத்துக்குள் மேசை காலியாக வேண்டும். இப்போதே சொல்லிவிட்டேன்.

ராமநாதன், காலை 8:10
போஃபர்ஸா? பேப்பரில் வருஷக்கணக்காக அடிபட்டதே, அதுவா தம்பி?

சேகர், காலை 8:15
கம்பெனி அதுதான் அண்ணே, பீரங்கி வேறு. நம் இராணுவத்துக்கு 1986ல் ஒப்பந்தம் போட்டதும், கார்கிலில் மலை உச்சிகளைக் குறிவைத்ததும் 155 மில்லிமீட்டர். இது அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. ஸ்வீடன் கடற்படை 1928ல் கேட்டதால் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு தரப்பிலும் இருந்தது. அமெரிக்காவில் உரிமம் வாங்கிச் செய்தது கார் செய்யும் கிரைஸ்லர்.

பாலாஜி, காலை 8:21
எந்த நாட்டுப் பீரங்கியாகக் கட்டப்போகிறீர்கள் சித்தப்பா?

சேகர், காலை 8:22
மால்டா. 1942 ஏப்ரல்.

கவிதா, காலை 10:35
மாமா! இப்போதுதான் எழுந்து பார்க்கிறேன். நான் இருக்கும் மால்டாவா?

சேகர், காலை 10:36
அதேதான் கண்ணு. நீ அங்கே வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தத் தீவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி, காலை 10:50
எல்லாம் சரி தம்பி. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் எதற்கு இந்தச் சண்டைச் சாமான்? கப்பல், கோயில், வீடு என்று ஏதாவது கட்டக் கூடாதா?

சேகர், காலை 11:04
அக்கா, நீ கேட்டது நியாயம்தான். யோசித்துத்தான் இதை எடுத்தேன். எதிரியான இத்தாலியின் சிசிலித் தீவு மால்டாவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். விமானம் கிளம்பினால் சில நிமிஷத்தில் தலைக்கு மேலே வந்துவிடும். 1940 ஜூனில் இத்தாலிக்காரர்கள் குண்டுபோட ஆரம்பித்தார்கள், பிறகு ஜெர்மன்காரர்களும் சேர்ந்தார்கள், 1942 மார்ச், ஏப்ரலில் அது உச்சத்துக்குப் போனது. சனங்கள் பாறையைக் குடைந்து அதற்குள் பிள்ளைகளோடு படுத்தார்கள். இந்தப் பீரங்கி அவர்களுக்கு மேலே வானத்தைப் பார்த்து நின்றது. எனக்கு இது காவல்காரன் மாதிரிதான் தெரிகிறது.

கவிதா, காலை 11:12
அம்மா, மொஸ்தா தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேனே, பெரிய குவிமாடம்? 1942 ஏப்ரல் 9 அன்று அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்தது. உள்ளே சுமார் 300 பேர் இருந்தார்கள். அது வெடிக்கவே இல்லை. அதே மாதிரி ஒரு குண்டை அங்கே வைத்திருக்கிறார்கள், நீங்கள்கூடத் தொட்டுப் பார்த்தீர்கள்.

செல்வி, காலை 11:15
அட, அந்தக் கோயிலா. பக்கத்தில் சுரங்கத்துக்குள்ளும் இறங்கினோமே. சுவர் பூராவும் கடப்பாரை கொத்திய தடம்.

செல்வி, காலை 11:16
சரி தம்பி, கட்டு.

புதன்

பாலாஜி, இரவு 8:30
சித்தப்பா, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

சேகர், இரவு 8:41
[படம்]
குழல் முடிந்தது. நிஜத்தில் சுமார் இரண்டேகால் மீட்டர், இங்கே ஆறரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பாதியாக வருகிறது, ஒட்டியதும் நடுவில் தையல் போல ஒரு கோடு தெரியும். உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால் உருண்டை தட்டையாகிவிடும், அதனால் விரலில் உருட்டி உருட்டி. வாயில் 1 மில்லிமீட்டர் துரப்பண ஊசியால் கையாலேயே துளை போட்டேன். அதற்கு மட்டும் அரை மணி நேரம்.

பாலாஜி, இரவு 8:44
இரண்டு பக்கமும் இருக்கை இருக்கிறதே, எதற்கு?

சேகர், இரவு 8:58
இந்தப் பீரங்கியில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். ஒரு பக்கம் உட்கார்ந்தவர் கைப்பிடியைச் சுற்றிப் பீரங்கியை இடம் வலமாகத் திருப்புவார். மறுபக்கத்தவர் ஏற்றி இறக்குவார். விமானத்தை ஒருவர் மட்டும் துரத்த முடியாது, இரண்டு பேர் கையும் ஒன்றாக ஓட வேண்டும். பின்னால் மேடையில் நிற்பவர் நான்கு நான்கு குண்டாகக் கோத்த கிளிப்பை மேலிருந்து செருகிக்கொண்டே இருப்பார். ஒரு குண்டு வெடித்ததும் அது பின்னுக்குத் தள்ளும் விசையே காலி உறையை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்ற வழி செய்யும். நிமிஷத்துக்கு 120 வேகம். ஆனால் கிளிப் போடும் கை நின்றால் பீரங்கியும் நின்றுவிடும்.

மல்லிகா, இரவு 9:02
அந்தக் கைப்பிடியைத்தான் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாளாக வீட்டைப் பெருக்கவிடவில்லை.

சேகர், இரவு 9:05
இடுக்கியிலிருந்து தெறித்துவிட்டது. கடுகை விடச் சின்னது. அகிலன் செல்போன் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துத் தேடினான், கிடைக்கவில்லை.

பாலாஜி, இரவு 9:06
இனி என்ன செய்வது?

சேகர், இரவு 9:15
மிச்சச் சட்டத்தில் ஒரு துண்டை எடுத்து மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டினேன். பளபளவென்று இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் நிதானமாக இழுத்தால், முறுக்குப் பிழியும்போது கடைசியில் விழும் நூல் மாதிரி நீளும். அதில் நறுக்கியதுதான் இப்போது இருக்கும் கைப்பிடி. பெட்டியில் வந்ததைவிட மெலிசாக, நன்றாகவே இருக்கிறது.

வெள்ளி

சேகர், மாலை 6:10
[படம்]
கவிதா, உன்னிடம் ஒரு உதவி. மால்டாவில் இராணுவ வண்டிகளுக்கும் பீரங்கிகளுக்கும் அங்குள்ள கல்வேலி மாதிரியே வர்ணம் அடித்தார்கள். மேலிருந்து பார்த்தால் வயல் வரப்புச் சுவரோடு கலந்துவிட வேண்டும். மஞ்சள் நிறம் அடித்து மேலே கறுப்புக் கோடு போட்டேன். பார், மீன்வலை போர்த்தியது போல இருக்கிறது. ஒரு நிஜச் சுவரைப் படம் எடுத்து அனுப்புவாயா?

கவிதா, இரவு 9:48
[படம்] [படம்] [படம்]
வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் எடுத்தேன் மாமா. சாந்து எதுவும் இல்லை, கல்லின் மேல் கல் அடுக்கியதுதான். தேன் நிறம் என்று சொல்லலாம், சிலது வெளுத்த சந்தனம். வெயில் படாத கற்களில் சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது.

சேகர், இரவு 9:55
கண்ணு, மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தப்பு புரிந்துவிட்டது. சுவரில் கோடு என்று ஒன்றுமே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது வெறும் இருட்டு. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். முழுக்க இருண்ட நிறம் அடித்துவிட்டு, கல்லை ஒவ்வொன்றாக மேலே வைக்க வேண்டும்.

ராமநாதன், இரவு 10:01
எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியுமா?

சேகர், இரவு 10:02
ஆமாம் அண்ணே. முன்தகடு ஒன்றுக்கே 60 கல்லுக்கு மேல் வரும். மூன்று நிறம் கலந்து வைத்திருக்கிறேன். ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்கக் கூடாது.

கவிதா, இரவு 10:04
உங்களுக்காகத்தான் மாமா ஒரு வருஷத்தில் முதல்முறை அந்தச் சுவரை நின்று பார்த்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

ஞாயிறு

சேகர், காலை 9:20
[படம்] [படம்]
முடிந்தது. சக்கரத்தைத் தூக்கி, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. குழல் ஏறத்தாழ நேர்மேலே.

ராமநாதன், காலை 9:24
தம்பி, அபாரம்! முதல் படத்தில் பீரங்கி எங்கே, சுவர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பாலாஜி, காலை 9:31
சித்தப்பா, பெட்டிப் படத்தில் சுற்றிலும் குண்டு குவிந்து கிடந்ததே. இதில் ஓரமாகக் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சத்தை இன்னும் ஒட்டவில்லையா?

சேகர், காலை 9:45
ஒட்டப் போவதில்லை. அந்த வசந்தத்தில் போதுமான கப்பல்கள் தீவுக்கு வந்து சேரவில்லை. மாவு, மண்ணெண்ணெய், குண்டு எல்லாமே தட்டுப்பாடு. ஒரு கட்டத்தில் ஒரு போஃபர்ஸுக்கு ஒரு நாளைக்கு 15 குண்டு என்று அளந்துவிட்டார்கள். நிமிஷத்துக்கு 120 சுடும் பீரங்கிக்கு 15 என்றால் ஏழரை நொடி. விடிந்தது முதல் அடையும்வரை விமானம் வந்துகொண்டே இருக்கும், கையில் இருப்பது ஏழரை நொடி. எந்த விமானத்தைச் சுடுவது, எதை விட்டுவிடுவது? விட்டது எந்த வீட்டின் மேல் போய்ப் போடும்? அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். இந்த ஒன்றைக் காட்டத்தான் ஒரு வாரம் உட்கார்ந்தேன். குண்டைக் குவித்துவைத்தால் அது மால்டா இல்லை.

செல்வி, காலை 9:58
பதினைந்துதானா? ரேஷன் மாதிரி குண்டையும் எண்ணிக் கொடுத்தார்களா?

சேகர், காலை 10:00
ஆமாம் அக்கா. ஆகஸ்டில் ஒரு கப்பல் கூட்டம் பாதிக்கு மேல் மூழ்கி, மிச்சம் ஐந்து கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான் தீவுக்கு மூச்சு வந்தது.

கவிதா, காலை 11:20
ஆகஸ்ட் 15 இங்கே மரியாளின் திருநாள் மாமா, அதை ஒட்டி வந்ததால் அந்தக் கப்பல்களைச் சாந்தா மரியா கான்வாய் என்றே இன்றும் சொல்கிறார்கள். போன வருஷம் திருநாளுக்கு லீவு விட்டார்கள், அந்தக் காரணம் தெரியாமல் நாள் முழுக்கத் தூங்கினேன்.

அகிலன் (மல்லிகா பாட்டி போன்), காலை 11:32
கவிதா அக்கா, நான் எண்ணிவிட்டேன். மூன்று கிளிப்பில் நான்கு நான்கு. நான்காவதில் மூன்றுதான் இருக்கிறது. ஒரு குண்டைத் தாத்தா பிளேடால் வெட்டி எடுத்துவிட்டார். அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சேகர், காலை 11:34
பத்திரமாக வைத்துக்கொள்டா, அதுவும் தெறித்துவிடப் போகிறது.

கவிதா, காலை 11:36
மாமா, டிசம்பரில் வரும்போது என்ன வாங்கி வரட்டும்?

சேகர், காலை 11:40
வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. உன் வீட்டு வழியில் கொஞ்சம் மண் கிடைத்தால் சலித்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வா. அடித்தளத்துக்குத் தூவ வேண்டும். இங்குள்ள செம்மண் அந்தக் கல்லுக்குப் பொருந்தவில்லை.

செல்வி, காலை 11:43
டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும் கவிதா. போன தடவை ஊறுகாய் கொட்டிய மாதிரி ஆகிவிடக் கூடாது.

மல்லிகா, காலை 11:50
ஷோகேஸில் மேல்தட்டைத் துடைத்துக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு இருக்கிறது, தூசி படாது. சாப்பிட வாருங்கள்.