ஜப்பானியருக்கு ஆங்கிலம்: எங்கே தொடங்குவது?

(ஒருவர் கேள்வி, மூவர் பதில். 'சொல்-ஒலி', 'வாக்கியம்' என்பவை பதில் சொல்பவர்களின் புனைபெயர்கள்.)

கானாடுகாத்தான்:
ஆத்தங்குடி டைல் வேலை பழக வந்து இரண்டு மாதம் தங்கியிருக்கும் ஜப்பானிய அம்மா ஒருவர், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்கிறார். எழுதச் சொன்னால் இலக்கணம் பிழையில்லை. பேசினால் 'ஏ' (a), 'த' (the) காணாமல் போகிறது, 'கிளாஸ்' (glass), 'கிராஸ்' (grass) ஒன்றாகவே கேட்கிறது. 'செட்டிநாடு மேன்ஷன்' என்றதும் முழித்தார். எதை முதலில் திருத்துவது?

காரைக்குடி ஆசிரியை:
முழித்தது நியாயம்தான் அண்ணே. ஜப்பானில் 'மன்ஷொன்' என்றால் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு. திருவல்லிக்கேணி மேன்ஷனோ ஆண்கள் வாடகைக்குத் தங்கும் அறை. வளவும் முற்றமும் உள்ள வீட்டை இரண்டுமே காட்டாது.

முதலில் இப்படி ஏமாற்றும் சொற்களையே எடுங்கள். 'கொன்சென்தோ' பிளக் பாயிண்ட், 'ஹந்தொரு' ஸ்டீயரிங், 'குரேமு' வாடிக்கையாளர் புகார், 'கன்னிங்கு' பரீட்சையில் காப்பியடிப்பது. ஆங்கிலச் சொல் என்று நம்பி இவற்றைச் சொல்வார், எதிரிலிருப்பவருக்குப் புரியாது. 'அருபைதோ' (பகுதிநேர வேலை) ஜெர்மனிலிருந்தும் 'பான்' (ரொட்டி) போர்த்துகீசிலிருந்தும் போனவை. நாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு வாக்கியம் எழுதட்டும்.

சொல்-ஒலி:
ல, ர இரண்டுக்கும் ஜப்பானியத்தில் ஒரே ஒலிதான், நாக்கு ஒரு தரம் தட்டி விலகுவது. நம் 'ர'வும் தட்டுவதுதான், அதனால் அதை மாதிரியாகச் சொல்லிக்காட்டாதீர்கள். 'ல'வுக்கு நுனிநாக்கை மேல்பல்லின் ஈறில் ஒட்டி ஒரு விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். ஆங்கில 'ர'வுக்கு நாக்கு எதையும் தொடாது, உதடு லேசாகக் குவியும்.

வாய்க்கு முன்னால் காது. 'கிளாஸ்', 'கிராஸ்' இருபது தரம் கலந்து சொல்லுங்கள், 'ல' கேட்டால் மட்டும் கை தூக்கட்டும். பதினாறு சரியான பிறகு பேசவிடுங்கள்.

வாக்கியம்:
ஒரு எச்சரிக்கை. ஜப்பானியமும் தமிழ் மாதிரி வினையை வாக்கியக் கடைசியில் வைக்கும். 'ஹொன் ஓ யொமிமாசு', புத்தகத்தை வாசிக்கிறேன். அந்த 'ஓ' நம் 'ஐ'. இரண்டு மொழியிலும் 'ஏ', 'த' கிடையாது. ஆகவே அவர் பிழை உங்கள் காதில் உறுத்தாது.

'டோன்ட் யூ டிரிங்க் காஃபி?' என்று கேட்டுப் பாருங்கள். குடிக்காதவர் 'யெஸ்' என்பார், நாம் 'ஆமா, குடிக்க மாட்டேன்' என்பது போல. ஆங்கிலத்தில் பின்னால் 'டோன்ட்' வந்தால் முன்னால் 'நோ'தான்.

'டூ டைல்ஸ்' என்னாமல் 'டூ டைல்' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. தட்டையான பொருளுக்கு 'நி-மாய்' என்று எண்ணோடு அளவுச்சொல் சேர்ப்பார்கள், பெயர்ச்சொல் மாறாது.

பயிற்சிக்குப் பட்டறையே போதும். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் ஊற்றி, அச்சை எடுத்து, சிமெண்ட் மணல் போடுவதை வரிசையாகச் சொல்லட்டும். முதல் தரம் 'ஏ கிளாஸ் பிளேட்', அடுத்த வரியில் 'த பிளேட்'. புதிதாக வந்தது 'ஏ', கையில் இருப்பது 'த'.

கானாடுகாத்தான்:
பேசும்போதே இடைமறித்துத் திருத்தலாமா?

வாக்கியம்:
வேண்டாம். பத்து நிமிடம் பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும், அவர் சொன்ன வாக்கியத்தை வைத்தே திருத்துங்கள். 'ஏ', 'த' நாள் என்றால் 'டூ டைல்' காதில் விழுந்தாலும் விட்டுவிடுங்கள்.