சக்கர் மீனுக்கு இடம் தேடும் படலம்

கலா: தொட்டியில் இருக்கிற சக்கர் மீனை இன்று தருண் அளந்து பார்த்தான், கண்ணாடிக்கு வெளியே ஸ்கேல் வைத்துத்தான். 34 செ.மீ. இருக்கிறது! தொட்டியே 2 அடி. திரும்பும்போது வால் மடங்குகிறது, பாவம். யாருக்காவது வேண்டுமா?

ரவி: எதற்கு ஆள் தேடுகிறாய்? போரூர் ஏரியில் விட்டுவிட்டு வருகிறேன். புண்ணியமாகப் போகட்டும்.

பாட்டி: ஏரி எதற்கு, கோயில் குளத்தில் விடுங்கள். பொரி கிடைக்கும்.

செந்தில்: மாமா, அம்மா, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஏரியும் வேண்டாம், குளமும் வேண்டாம்.

செந்தில்: இது தென் அமெரிக்க மீன். கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடும், கரை சரிந்துபோகும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். கொக்கு நாரை விழுங்கத் திணறும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு விடும். அதனால் மற்ற மீன் செத்து மிதக்கிற தண்ணீரிலும் இது பிழைத்துக்கொள்ளும். ஆந்திராவில் மீன் பண்ணைக்காரர்கள் டெவில் ஃபிஷ் என்று திட்டுகிறார்கள். வலையில் சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் வலை கிழிந்துவிடும்.

பிரியா: மெக்சிகோவிலும் இப்படி ஒரு அணைக்கட்டு பற்றிப் படித்தேன் மாமா.

செந்தில்: இன்ஃபியர்னிலோ அணை. திலேப்பியா மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் அங்கே. அப்புறம் வலை நிறைய இதுதான் ஏறியது.

ரவி: நம் ஊர் ஏரிகளில் ஏற்கெனவே இருக்கிறதாமே மச்சான்? கூட ஒன்று போனால் என்ன?

செந்தில்: பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் குப்பை கொட்டுகிறார் என்று நீங்களும் கொட்டுவீர்களா மாமா?

ரவி: 🙏 சரி, விடு.

கலா: என்னிடம் டேங்க் கிளீனர் என்று சொல்லித்தான் விற்றார்கள் தம்பி. அப்போது விரல் நீளம். இப்போது பாசி கண்ணாடியிலேயே இருக்கிறது, அடியில் நூல் நூலாக அதன் கழிவுதான்.

செந்தில்: குட்டியில் பாசி தின்னும் அக்கா. வளர்ந்தபின் அது சுத்தம் செய்கிறதைவிட அசுத்தம் செய்கிறதுதான் அதிகம். உன் ஃபில்டர் சின்னது, தாங்காது. அடிக்கடி தண்ணீர் மாற்று.

தருண்: மாமா, ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒரு பக்கம் செதிலே இல்லை. இதுதான் கடித்ததா?

செந்தில்: இதன் வேலையாகத்தான் இருக்கும். ராத்திரியில் மற்ற மீன் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டும். பசித்தால் இன்னும் மோசம். நீ என்ன போடுகிறாய்?

தருண்: கோல்டு ஃபிஷ் குருணைதான். அதுவே சாப்பிட்டுக்கொள்ளும் என்று நினைத்தோம்.

செந்தில்: அடியில் வந்து சேருவதற்குள் மற்றவை காலி செய்திருக்கும். இன்று லைட்டை அணைத்தபின் ஒரு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்திக் கீழே இறக்கு. வேக வைத்த சுரைக்காயும் தின்னும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும். அடியில் மூழ்கும் வேஃபர், அதாவது வில்லை மாதிரித் தீனி, கடையில் கிடைக்கும், அதுவும் வாங்கு.

பாட்டி: இவ்வளவு பெரிதாகிவிட்டதே, குழம்பு வைத்தால் என்ன?

தருண்: பாட்டீ!! 😭

செந்தில்: அமேசான் பக்கம் ஓட்டோடு சுட்டுத் தின்பார்கள் அம்மா, தப்பில்லை. ஆனால் நம் தொட்டியில் ஊற்றிய மருந்தெல்லாம் அதன் உடம்பில்தான் இருக்கும். வேண்டாம்.

கலா: பெரிய தொட்டியாக வாங்கிவிடட்டுமா?

செந்தில்: குறைந்தது 6 அடி நீளம், 2 அடி அகலம். 2 அடி உயரத்துக்கு நிரப்பினால் 680 லிட்டர்.

ரவி: தண்ணீர் மட்டும் 680 கிலோ! வாடகை வீடு, இரண்டாம் மாடி. வீட்டுக்காரர் காதில் விழுந்தால் மீனோடு நம்மையும் வெளியே அனுப்புவார்.

செந்தில்: அதுவும் இப்போது போய் முடிகிற கதை இல்லை. முதுகுத் துடுப்பு விரிந்திருக்கும்போது ஒரு படம் அனுப்பு தருண், எந்த இனம் என்று பார்க்கலாம்.

தருண்: 📷

செந்தில்: முதுகுத் துடுப்பில் கதிர், அதாவது அதைத் தாங்கும் குச்சிகள், பத்துக்கு மேல் இருக்கிறது, துடுப்பும் பாய்மரம் மாதிரி உயரம். செயில்ஃபின் பிளெக்கோ. 40 செ.மீ. தாண்டும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். தருண் காலேஜ் முடித்தாலும் இது உட்கார்ந்திருக்கும். கொளத்தூரில் தெரிந்த ஒருவர் பெரிய தொட்டியில் ஆஸ்கர் மீன் வளர்க்கிறார். கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள்கிறாராம்.

கலா: அப்பாடா. எப்படிக் கொண்டு வருவது?

செந்தில்: கை வலை வேண்டாம், முள் மாட்டிக்கொள்ளும். மெல்லிய பாலிதீன் பையையும் குத்திவிடும். மூடியுள்ள பக்கெட்டைத் தொட்டிக்குள்ளேயே சாய்த்து, அதில் மெதுவாக ஓட்டிவிடு. பாதி தண்ணீர் போதும். மூடியில் நாலைந்து துளை போட்டுக்கொள்.

தருண்: மாமா, அதற்குப் பதில் வேறு சக்கர் வாங்கலாமா?

செந்தில்: பிரிஸில்நோஸ் என்று ஒன்று உண்டு, 15 செ.மீ. தாண்டாது. ஆனால் உன் தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷே நெரிசல். முதலில் அந்தச் செதில் ஆறட்டும். கண்ணாடி தேய்க்கிற சுரண்டி ஒன்று வாங்கிப் பாசியை நீயே தேய்.

கலா: சனிக்கிழமை வா தம்பி. மூடி போட்ட பக்கெட் இருக்கிறது, பிரியாணி வந்தது.

ரவி: அதை மூன்று முறை கழுவிவிட்டு மீனைப் போடுங்கள். சோப்பு போடாமல், சரிதானே மச்சான்?

செந்தில்: சோப்பு கூடவே கூடாது மாமா. வெந்நீரும் உப்பும் போதும்.