ஏ ரீஜன் புளூரே இங்கே ஓட வழி உண்டா?

நண்பர்களே, வணக்கம். நிக்கோலஸ் ரே 1950இல் இயக்கிய 'இன் எ லோன்லி பிளேஸ்' படத்தின் புளூரே டிஸ்க்கை (கிரைட்டீரியன் நிறுவனம், 2016 வெளியீடு) அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருக்கிறாள். புளூரேவை ஏ, பி, சி என்று உலகப் பகுதிவாரியாக (ரீஜன்) பூட்டி விற்கிறார்கள்; இது அங்கே ஓடும் ஏ ரீஜன் டிஸ்க். என் பிளேயர் இங்கே இந்தியாவில் வாங்கியது, சி ரீஜன். டிஸ்க்கைப் போட்டால் ரீஜன் சரியில்லை என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. டிவிடியின் ரீஜன் பூட்டைத் திறக்கச் செய்வதுபோல ரிமோட்டில் எண் அடித்துப் பார்த்தேன், டிவிடிக்கான பூட்டு மட்டும்தான் திறந்தது.

இந்தப் படத்தைப் பல வருஷம் முன்பு மங்கலான பிரதியில்தான் பார்த்தேன். நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் சமையலறையில் பம்பளிமாஸ் மாதிரியான ஒரு பழத்தை நறுக்குவார். அதற்கென்றே வளைந்திருக்கும் கத்தியை, கோணிவிட்டது என்று நினைத்து நிமிர்த்துவார். பக்கத்தில் நாயகி குளோரியா கிரஹாம். காதல் என்ற பேச்சே இல்லாமல் அவ்வளவு காதல்! பர்னட் கஃபியின் ஒளிப்பதிவில் அந்த முகங்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் காட்ட ஆசை. காது மந்தம், சப்டைட்டில் கட்டாயம்.

எல்லா ரீஜன் புளூரேவும் ஓடும் பிளேயர் யாராவது வைத்திருக்கிறீர்களா? எந்த மாடல், எங்கே வாங்கினீர்கள்? கம்ப்யூட்டரில் புளூரே டிரைவ் மாட்டிப் பார்ப்பவர்கள் இருந்தால் அந்த வழியையும் சொல்லுங்கள். சென்னையில் கிடைத்தால் நேரில் போய் வாங்கிக்கொள்வேன்.