கணிதம் எடுக்கட்டுமா? குடும்பக் குழுவில் ஒரு நாள்

நான் (காலை 7.05)
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இளநிலைக் கணிதத்தை எழுத நினைக்கிறேன். அனுப்புவதற்கு முன் உங்கள் எல்லோருடைய கருத்தையும் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

பெரியப்பா (காலை 7.20)
நீ கணக்கில் கெட்டிக்காரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை, கண்ணு. ஆனால் பொறியியல் படித்தவர் பொறியாளர் ஆகிறார், மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆகிறார். கணிதம் படித்தவர் ஆசிரியர் ஆவதைத் தவிர வேறு என்ன ஆகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் வழி என்றால், அதைத் தெரிந்துகொண்டு நீ சேர வேண்டும் என்பதே என் கவலை.

அத்தை (காலை 7.48)
அண்ணா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதே பட்டத்தைப் படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரியாக (ஆயுள், இழப்பு போன்ற இடர்களைக் கணக்கிட்டுக் கட்டணம் வகுப்பவராக) இருப்பவள் என்பதால், பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. கணிதம் படித்தவர்களின் பதவிப் பெயரில் ‘கணிதம்’ என்ற சொல் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. 1693இல் எட்மண்ட் ஹாலி (வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான்) பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்துக்கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அட்டவணை போட்டு, வாழ்நாள் முழுதும் ஆண்டுதோறும் ஒரு தொகை பெறுவதற்கு இன்று எவ்வளவு கட்டுவது சரியாக இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நான் நாள்தோறும் செய்யும் வேலை அதன் நீட்சிதான். பட்டம் மட்டும் போதவில்லை, வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் தொழில்முறைத் தேர்வுகளை எழுத வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் (காலை 8.10)
என்னோடு மென்பொருள் வேலையில் இருப்பவர்களில் கணிதப் பட்டதாரிகள் பலர் உண்டு, பெரியப்பா. வானிலைக் கணிப்பு, மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல், விமானங்களுக்கும் பணியாளர்களுக்கும் நேர அட்டவணை வகுத்தல் ஆகிய இடங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 1640இல் ஃபெர்மா என்பவர் பகா எண்களைப் பற்றி ஒரு தேற்றத்தைக் கடிதத்தில் எழுதினார். பிறகு ஆய்லர் என்ற கணித அறிஞர் அதைப் பொதுமைப்படுத்தினார். நெடுங்காலம் அதனால் யாருக்கும் காசு பயன் இருந்ததில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதையே அடித்தளமாக வைத்து ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறையை உருவாக்கினார்கள். இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் குழுவின் செய்திகளை வெளியார் படிக்க முடியாமல் பூட்டும் சாவிகளை உருவாக்க உதவுவதும் எண் கோட்பாட்டில் ஆராயப்படும் ‘நீள்வட்ட வளைவுகள்’ என்ற ஒருவகைச் சமன்பாடுகள்தான்.

அம்மா (காலை 8.31)
இதையெல்லாம் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. என் கேள்வி வேறு. பள்ளியில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவள், கல்லூரியிலும் அப்படியே சமாளித்துவிடுவாள் என்று நம்பலாமா?

அத்தை (காலை 9.02)
நம்ப வேண்டாம், அண்ணி. நானும் முழு மதிப்பெண்ணோடுதான் போனேன். முதல் பருவத்தில் மெய்ப்பகுப்பாய்வு (எல்லை, தொடர் போன்றவற்றை நிறுவிக் காட்டும் பாடம்) தாளில் தோற்றேன். பள்ளியில் ‘கண்டுபிடி’ என்று கேட்டார்கள், அங்கே ‘நிறுவுக’ என்று கேட்டார்கள். விடை எனக்குத் தெரிந்திருந்தது. அது ஏன் விடையாக இருந்தே தீர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதத் தெரியவில்லை. பாதிப் பருவம் வரை இது என் அறிவுக் குறைவு என்று நினைத்து அழுதிருக்கிறேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே ‘இது வேறு பாடம், புதிதாகக் கற்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும். அதனால் மருமகளே, ஒரு தொடரைப் பார். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், தொகை ஏதாவது ஓர் எண்ணுக்குள் அடங்குமா?

நான் (காலை 9.15)
உறுப்புகள் சுருங்கிக்கொண்டே போவதால் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன், அத்தை. கணிப்பொறியில் 10 லட்சம் உறுப்புகள் வரை கூட்டினேன், 14.39தான் வந்தது.

அண்ணன் (காலை 9.40)
கல்லூரியில் நானும் இதைக் கணிப்பொறியிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒற்றைத் துல்லிய எண்களில் கூட்டியபோது, ஏறத்தாழ 21 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு தொகை 15.40இலேயே நின்றுவிட்டது. எல்லை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். உண்மை என்னவென்றால், ஏழு இலக்கம் அளவுக்கே துல்லியம் உள்ள அந்த முறையில், அடுத்து வந்த உறுப்புகள் ஒட்ட இடமில்லாமல் உதிர்ந்துபோயின. சரியாகக் கூட்டினால், 27 கோடி உறுப்புகளுக்கு மேல் தாண்டும்போது 20ஐக் கடந்துவிடும்.

அத்தை (காலை 10.05)
14ஆம் நூற்றாண்டில் ஒரேம் என்பவர் சொன்ன வழி இது. 1/3, 1/4 இரண்டுமே 1/4க்குக் குறையாதவை. ஆகவே அவற்றின் கூட்டுத்தொகை 1/2க்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகள் 1/8க்குக் குறையாதவை. அங்கும் 1/2க்கு மேல். அடுத்த எட்டு, அதற்கடுத்த பதினாறு, எல்லாவற்றிலும் அதே அரை. முடிவில்லாமல் அரைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த எல்லைக்குள்ளும் அடங்காது. மூன்று வரிகள்தாம். எந்திரம் பொய் சொல்லிய இடத்தில் அந்த மூன்று வரிகள் உண்மையைச் சொல்கின்றன. ஒரு நிறுவனம் கணிதப் பட்டதாரியை வேலைக்கு எடுப்பது அவருக்குச் சூத்திரங்கள் மனப்பாடம் என்பதற்காக அன்று, திரையில் நின்ற 15.40ஐப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்பவர் அவர் என்பதற்காகத்தான்.

பெரியப்பா (காலை 10.30)
படித்தேன், இரண்டு முறை படித்தேன். புரிகிறது. அந்த ‘ஏன்’ கேட்கும் பழக்கத்தோடு மட்டும் போய் நின்றால் வேலை கிடைத்துவிடுமா?

அத்தை (பகல் 1.10)
கிடைக்காமலும் போகலாம், அண்ணா. இதில் நான் பூசி மெழுக மாட்டேன். என்னோடு படித்தவர்களில் தடுமாறியவர்கள், கணிதத்தை மட்டும் படித்துவிட்டு, கடைசிப் பருவத்தில்தான் வேலையைப் பற்றி யோசித்தவர்கள். நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் மூன்றையும் ஒப்புக்குப் படிக்காமல் ஆழமாகப் படிக்க வேண்டும். நிரல் எழுதுவதை இரண்டாம் ஆண்டிலேனும் தொடங்கிவிட வேண்டும். தான் கண்டதைக் கணிதம் தெரியாதவருக்குத் தெளிவாக எழுதிக் காட்டவும் பழக வேண்டும். ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் முதுநிலை, முனைவர் பட்டம் என்று நீண்ட பாதை. அதற்குப் பொறுமையும் பொருளாதாரத் துணையும் தேவை. பள்ளி ஆசிரியராக விரும்பினாலும், அதற்குரிய கல்வியியல் பயிற்சி தனி.

அம்மா (பகல் 1.25)
அவளுக்கு இது பொருந்துமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அத்தை (பகல் 1.40)
ஒரு கணக்கு தருகிறேன். 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் அடங்குமா, அடங்காதா? நிறுவிக் காட்ட வேண்டும். இணையத்தில் தேடாதே, மருமகளே. விடை வராவிட்டாலும் பரவாயில்லை. வராமல் கழிந்த அந்த நேரம் உனக்குப் பிடித்திருந்ததா என்பதை மட்டும் சொல்.

நான் (இரவு 9.52)
எட்டு மணி நேரம் ஆயிற்று, அத்தை. மாலை வரை எல்லாம் தவறாகவே போனது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பிறகு இப்படிப் பார்த்தேன். 1/4 என்பது 1/(1×2)ஐவிடச் சிறியது, 1/9 என்பது 1/(2×3)ஐவிடச் சிறியது, இப்படியே போகும். 1/(1×2) என்பது 1 − 1/2. 1/(2×3) என்பது 1/2 − 1/3. கூட்டும்போது நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், எவ்வளவு தூரம் போனாலும் தொகை 1ஐத் தாண்டாது. முதல் உறுப்பான 1ஐச் சேர்த்தால் 2ஐத் தாண்டாது. ஆகவே அடங்குகிறது.

அத்தை (இரவு 9.58)
ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

பெரியப்பா (இரவு 10.06)
2ஐத் தாண்டாது என்கிறாய், சரி. அப்படியானால் அந்தத் தொகை துல்லியமாக எவ்வளவு?

அத்தை (இரவு 10.14)
அண்ணா, அதே கேள்வியை 1650இல் மெங்கோலி எழுப்பினார். பல பெரிய கணித அறிஞர்கள் முயன்றும் முடியாமல், 1735இல் ஆய்லர்தான் விடையை அறிவித்தார். விடை π²/6. வட்டமே இல்லாத இந்தத் தொடருக்குள் π எப்படி வந்தது என்பதை இவள் கல்லூரியில் படித்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.

பெரியப்பா (இரவு 10.20)
விண்ணப்பத்தை நாளைக் காலையிலேயே அனுப்பிவிடு, கண்ணு. நான் காத்திருக்கிறேன்.