தமிழ் ஃபேஷன் மேகசினுக்கு மாஸ்ட்ஹெட்: 'முந்தானை'ய டிடோ ஸ்டைல்ல வரையலாமா, வேற வழி இருக்கா?

கவி_செந்தூல்:

வணக்கம் எல்லாருக்கும். நான் கேஎல்ல (கோலாலம்பூர்) கிராஃபிக் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறேன். ஃபைனல் ப்ராஜெக்டுக்கு ஒரு தமிழ் ஃபேஷன் மேகசின் பண்றேன், பேரு 'முந்தானை'. நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஸ்னீக்கர்ஸோட சேலை கட்டுறது, பாட்டியோட பழைய பட்டுல ஜாக்கெட் தச்சுப் போடுறது, பிரிக்பீல்ட்ஸ் தையல் கடைங்க, லெபோ பாசார் துணிக்கடைங்க, இதெல்லாம் உள்ள வரும். உள் பக்கம் ஓரளவுக்கு முடிஞ்சிருச்சு, மாஸ்ட்ஹெட்லதான், அதாவது அட்டை மேல வர்ற மேகசின் பேருலதான் நிக்கிறேன்.

இப்ப கையில ரெண்டு டைரக்‌ஷன் இருக்கு. ஒண்ணு, நோட்டோ செரிப் தமிழ் எழுத்துருவோட ரொம்பத் தடிப்பான பிளாக் வெயிட்ட அவுட்லைன் பண்ணி (எழுத்த கோட்டு வடிவமா மாத்தி), நிக்கிற கோடெல்லாம் தடிப்பா விட்டுட்டு படுக்கிற கோடெல்லாம் முடி மாதிரி மெலிசாக்கினேன், வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் அட்டையில பாக்குற அந்த டிடோ லுக்குக்காக. ஏ4ல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டினா ரொம்ப அழகா இருக்கு, ஆனா போன்ல சின்னதாப் பாத்தா பாதி எழுத்து காணோம். எழுத்துக்கு நடுவுல நிறைய இடம் விட்டு பரத்தினா இன்னும் மோசம், என் ஹவுஸ்மேட் 'முந்தரனை'ன்னு படிச்சா. ரெண்டாவது, சாட்டின் ரிப்பனை மேசையில மடிச்சு மடிச்சு எழுத்து வடிவம் கொண்டு வந்து மேல இருந்து போட்டோ எடுத்தேன். ரிப்பன் திரும்புற இடத்துல தானா மெலியுது, பரப்புல தானா தடிக்குது, நான் வரையவே தேவையில்ல, அந்த அளவுக்கு நல்லா வந்துச்சு. ஆனா 'மு' மட்டும் கட்டியாயிடுது, 'னை' ரொம்ப அகலமாயிடுது.

எதப் பிடிச்சு மேல போகலாம்? அப்புறம் மாடலோட தலை மாஸ்ட்ஹெட்ட மறைக்கிற மாதிரி வைக்கணும்னு ரொம்ப ஆசை, தமிழ்ல அது சரியா வருமா? லெக்சரருக்குத் தமிழ் தெரியாது, அதனால இந்த மாதிரி விஷயத்த அவர்கிட்ட கேக்க முடியல.

எழுத்து_ராசா:

கவி, ரிப்பனையே பிடிச்சுக்கம்மா. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்க.

அந்த மெலிசு-தடிப்பு ஸ்டைல் 18ஆம் நூற்றாண்டு கடைசியில வந்தது, பாரிஸ்ல ஃபிர்மின் டிடோ, இத்தாலியில பார்மாவுல போடோனி. வழவழப்பான பேப்பரும் நல்ல அச்சும் கிடைச்சதால அவ்வளவு மெல்லிய கோடு வெட்டி அச்சடிக்க முடிஞ்சுது. வோக் 1892லயே நியூயார்க்ல ஆரம்பிச்சிருச்சு, ஆனா ரொம்ப வருஷம் அதோட தலைப்பு ஒரே எழுத்துல இல்ல, அட்டை ஓவியத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி வரைஞ்சாங்க, டிடோ வகை எழுத்துல நிலைச்சதெல்லாம் பின்னாடிதான். ஹார்ப்பர்ஸ் பஜார்ல 1992ல ஃபேபியன் பாரோன் புது டிசைன் பண்ணும்போது அதுக்குன்னே ஜோனதன் ஹெஃப்ளர் ஒரு டிடோ எழுத்துரு செஞ்சார். அதுல முக்கியமான விஷயம், ஒரே வடிவத்த ஏழு சைஸுக்குத் தனித்தனியா வரைஞ்சிருந்தாங்க. சின்ன சைஸுக்கு உள்ளதுல மெல்லிய கோடு கொஞ்சம் தடிப்பா இருக்கும், பெருசுக்கு உள்ளதுல முடி அளவுக்கு மெலியும். உன் போன் பிரச்சனைக்கு அதுலயே பதில் இருக்கு, ஒரே ஃபைல சின்னதாக்காத, அட்டைக்கு ஒண்ணு போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரை.

ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு, தமிழ்ல எந்தக் கோடு மெலியலாம்? இங்கிலீஷ்ல எச், என், எம் எல்லாம் நிக்கிற கோட்டுலயே அடையாளம் தெரிஞ்சிரும், குறுக்குக்கோடு மெலிஞ்சாலும் பரவால்ல. நம்ம எழுத்துல நிறைய இடத்துல அடையாளம் அடிக்கோட்டுலயும் சுழியிலயும் இருக்கு. உன் 'மு'வப் பாரு, அடியில படுக்கிற கோட்ட முடியளவு மெலிசாக்கிட்டா இடது பக்கத் தூண் தனியாப் பிரிஞ்சு நிக்கும், வலது பக்கச் சுழி வேற எழுத்தாத் தெரியும். ப, ட, ய எல்லாத்துக்கும் இதே கதைதான். அதனால நிக்கிற கோடு தடிப்பு, படுக்கிற கோடு மெலிசுன்ற விதிய அப்படியே இங்க கொண்டு வராத. அடிக்கோட்டுக்கு வெயிட் குடு, சுழி ஆரம்பிக்கிற இடத்துலயும் வால் முடியிற இடத்துலயும் மெலிய விடு. ரிப்பன் உனக்குச் செஞ்சு காட்டினதும் இதுதான், திரும்புற இடத்துல மட்டும் மெலியுது.

'முந்தரனை' விஷயம். இங்கிலீஷ் ஃபேஷன் மேகசின்ல எழுத்த எட்ட எட்ட வைக்கிறாங்கன்னு நாமளும் வச்சா, த-வும் கால் குறியும் பிரிஞ்சு அந்தக் கால் ர-வாப் படிக்கப்படும். மு, ந், தா, னை, இது நாலு எழுத்து. இடைவெளி இந்த நாலுக்கு நடுவுலதான் வரணும், 'தா'வுக்குள்ளயும் 'னை'க்குள்ளயும் வரக்கூடாது. ட்ராக்கிங் நம்பர (எழுத்து இடைவெளிய மொத்தமா மாத்துற அளவு) ஏத்தாம கையாலயே நகர்த்து.

இன்னொண்ணு கவனிச்சியா? மு, ந், த மூணுக்குமே வால் கீழ இறங்குது. அதுக்கப்புறம் வர்ற கால், ஐகாரக் கொம்பு, ன, ஒண்ணுமே இறங்காது. மொத்தப் பேரும் இடது பக்கம் கீழ தொங்குது, வலது பக்கம் காலியா இருக்கு. பழைய 'னை' போட்டுப் பாரேன், தும்பிக்கை வச்சதுன்னு சொல்வாங்களே, 1978ல தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்த ஏத்துக்கிறதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை எல்லாம் அப்படித்தான் அச்சாச்சு. முன்னாடி மேல எழும்பி வளைஞ்சு ன-வோட சேர்ந்துக்கும். இடது பக்கம் வால் இறங்குது, வலது பக்கம் தும்பிக்கை ஏறுது, பேலன்ஸ் வந்துரும், அகலமும் குறையும். ரிப்பன்ல ஒரே மடிப்புல வரக்கூடிய வடிவம் அது.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:

ராசா சார் சொன்னதுல கடைசி விஷயம் மட்டும் எனக்கு உடன்பாடில்ல. நான் பாடம் எடுக்கிற பிள்ளைங்க பழைய னை-ய பார்த்ததே கிடையாது, வீட்டுல தாத்தா பாட்டியோட புத்தகம் இருந்தாத்தான் உண்டு. இந்த மேகசின் யாருக்கு? இருபது இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு. தமிழ் படிக்கிறதே குறைஞ்சுக்கிட்டு வர்ற நேரத்துல அட்டையிலயே ஒரு எழுத்து தெரியாம அவங்க தயங்கி நின்னா எனக்கு வருத்தமா இருக்கும். அழகுக்காக வாசகரக் கஷ்டப்படுத்த வேண்டாம்மா கவி.

எழுத்து_ராசா:

டீச்சர், உங்க கவலை நியாயமானது. ஆனா அந்தப் பிள்ளைங்க எழுத்து எழுத்தா கூட்டிப் படிக்கப் போறதில்ல, 'முந்தா' வரைக்கும் வந்துட்டாங்கன்னா அடுத்தது என்னன்னு அவங்களுக்கே தெரியும், அந்தச் சொல் வீட்டுல புழங்குற சொல். தெரியாத பேரா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். மாஸ்ட்ஹெட்ல மட்டும் பழைய வடிவம், மேகசினோட முதுகுலயும் உள்ள எல்லாப் பக்கத்துலயும் இன்னிக்கு எழுதுற னை. கவி, டீச்சர் சொன்னத சோதிச்சே பாத்துரு, பழைய புத்தகம் பார்க்காத பிள்ளைங்ககிட்ட அட்டைய ஒரு நொடி காட்டிட்டு என்ன பேருன்னு கேளு. தயங்கினாங்கன்னா விட்டுரு.

ஸ்டைலிஸ்ட்_அக்கா_கிள்ளான்:

தலை மறைக்கிறதப் பத்தி யாரும் பேசலையே, அத நான் சொல்றேன் தங்கச்சி. நான் ஷூட்ல வேலை செய்றவ. பெரிய மேகசின்ல மாடல் தலை நடு எழுத்த முழுசா மறைச்சாலும் யாருக்கும் குழப்பம் வராது, ஏன்னா பல வருஷமா பாத்துப் பாத்து கண்ணுல பதிஞ்சு போச்சு. புது மேகசினுக்கு அந்த வசதி கிடையாது. அதுலயும் தமிழ்ல புள்ளி ஒண்ணு இருக்கு பாரு, கொண்டையோ பூவோ அந்தப் புள்ளிய மறைச்சா 'ந்' வந்து 'ந' ஆயிடும், காலை மறைச்சா 'தா' வந்து 'த' ஆயிடும். உன் பேருல இந்த ரெண்டுமே சரியா நட்டநடுவுல உக்காந்திருக்கு, தலை வழக்கமா வர்ற இடமும் அதுதான்.

எனக்குத் தோணுறது இதுதான். மாடல கொஞ்சம் இடது பக்கம் நிறுத்தி, தலை 'மு'வோட இடது ஓரத்த மட்டும் லேசாத் தொடுற மாதிரி ஃப்ரேம் பண்ணு, அடியில இறங்குற வால் மட்டும் மறையக்கூடாது, அது மறைஞ்சா 'மு' வந்து 'ம' ஆயிடும். இல்லன்னா மாடல் தோள்ல இருந்து வர்ற நிஜ முந்தானைய காத்துல பறக்க விட்டு, ஒரு எழுத்துக்கு முன்னாடி, அடுத்த எழுத்துக்குப் பின்னாடின்னு போக விடு. பறக்குற துணி புள்ளி மேல மட்டும் படக்கூடாது. ஷூட் அன்னிக்கு மாஸ்ட்ஹெட்ட ட்ரான்ஸ்பரன்ட் ஃபைலா லேப்டாப்ல ஓவர்லே போட்டுக்கிட்டு எடு, பின்னாடி போட்டோஷாப்ல சரி பண்ணிக்கலாம்னு விட்டா தலைக்கு மேல இடமே இருக்காது.

அப்புறம் ஃபேஷன்னாலே டிடோதான்னு யாரும் சட்டம் போடல. டெரி ஜோன்ஸ் பிரிட்டிஷ் வோக்ல ஆர்ட் டைரக்டரா இருந்தவர், அவர் வெளிய வந்து 1980ல லண்டன்ல ஐ-டி மேகசின் ஆரம்பிச்சப்ப அந்த லோகோவ பக்கவாட்டுல திருப்பினா கண்ணடிக்கிற முகமாத் தெரியும், அதனால அட்டையில வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு கண்ண மூடியோ மறைச்சோதான் நிப்பாங்க. எழுத்துல இருந்து போட்டோவுக்கு ஒரு பழக்கமே வந்துச்சு. உன் தும்பிக்கை னை-யோட வளைவும் மாடல் தோள்ல விழுற முந்தானை வளைவும் ஒவ்வொரு இதழ்லயும் ஒரே கோட்டுல வந்தா எவ்வளவு நல்லா இருக்கும், யோசிச்சுப் பாரு.

பினாங்கு_அச்சுக்காரர்:

பிரிண்ட் பக்கம் ரெண்டு வார்த்தை. மெல்லிய கோடு கறுப்புல, வெள்ளைப் பின்னணியில இருந்தா 0.25 பாயிண்ட் வரைக்கும் சமாளிக்கலாம். கலர் போட்டோ மேல வெள்ளை எழுத்தா விட்டா நாலு கலர் மையும் அந்தக் கோட்டச் சுத்தி வருது, பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு அடைஞ்சிரும், அங்க 0.5க்கு கீழ போகாதீங்க. கறுப்பு மாஸ்ட்ஹெட்னா நாலு கலர் கலந்த கறுப்பு வேணாம், கே 100 (கறுப்பு மை) மட்டும், ஓவர்பிரிண்ட் (மத்த கலர் மேலயே அச்சாகுற மாதிரி) வச்சிருங்க. தங்கக்கலர் ஹாட் ஸ்டாம்பிங் (சூட்டுல ஃபாயில் தகடு ஒட்டுறது) பண்ற ஐடியா இருந்தா (தீபாவளி இதழ்னாலே எல்லாருக்கும் அந்த ஆசை வந்துரும்) மெலிசு இன்னும் தடிக்கணும், ஃபாயில் மெல்லிய கோட்டுல விட்டு விட்டு ஒட்டும், சின்னச் சுழிக்குள்ள அடைச்சுக்கும். புள்ளிய வளையமா வரைஞ்சிருந்தா அதுதான் முதல்ல அடைபடும், நிறைஞ்ச புள்ளியா வச்சிருங்க. பேப்பர வெட்டுற இடத்துல இருந்து 5 மில்லிமீட்டராவது உள்ள தள்ளி மாஸ்ட்ஹெட்ட வைங்க.

ப்ராஜெக்ட்டோட நிக்காம மாசாமாசம் அச்சடிச்சு விக்கிற எண்ணம் இருந்தா 1984ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சுகிட்ட பெர்மிட் வாங்கணும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

கவி_செந்தூல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இந்த ஒரு வாரமா இதேதான் வேலை. பழைய னை-ய ரிப்பன்ல மடிச்சுப் பாத்தேன், ராசா சார் சொன்ன மாதிரியே தும்பிக்கை ஒரே மடிப்புல ஏறி ன-வுக்குள்ள போயிருது, மேல வளையிற இடத்துல சாட்டின் பளபளப்பு ஒரு மெல்லிய கோடாத் தெரியுது, அதையே ட்ரேஸ் பண்ணி மெலிசு எங்க வரணும்னு முடிவு பண்ணிட்டேன். 'மு'வுக்கு அகலக் குறைவான ரிப்பன் போட்டேன், கட்டி போயிருச்சு, அடிக்கோடு தெளிவா நிக்குது.

டீச்சர், உங்களுக்காகவே என் கசின் பிள்ளைங்ககிட்டயும் காலேஜ் தமிழ்ச் சங்கப் பசங்ககிட்டயும் காட்டினேன். பெரும்பாலும் தயங்காம படிச்சிட்டாங்க, ஒருத்தி மட்டும் கடைசி எழுத்து என்னக்கான்னு கேட்டா, சொன்னதும் அவ நோட்டுல வரைஞ்சு பாக்க ஆரம்பிச்சிட்டா. அட்டையில பழைய வடிவம், முதுகுல இப்ப எழுதுற னை, அப்படியே வச்சுக்கிறேன்.

பிரிண்ட் எடுத்து ஜாலான் துன் சம்பந்தன்ல ஒரு பத்திரிகைக் கடை அண்ணன்கிட்ட கேட்டு ரேக்ல சொருகி, எதிர்த்த காக்கி லீமாவுல (கடை முன்னாடி இருக்கிற நடைபாதை) நின்னு பாத்தேன். முன்னாடி உள்ள இதழ் கீழ்ப்பகுதிய மறைச்சிருது, மேல மூணுல ஒரு பங்குதான் தெரியுது, அதுல நாலு எழுத்தும் படிக்க முடியுது. அங்க இருந்து பாத்தா இடது பக்கம் வால் மூணும் இன்னும் நெருக்கமாத் தெரிஞ்சுது, ந-வோட வாலக் கொஞ்சம் குட்டையாக்கலாம்னு இருக்கேன்.

இன்னொரு உதவி. முதுகுக்கு இலஸ்ட்ரேட்டர்ல நேரா டைப் பண்ணினா ஐகாரக் கொம்பு ன-வுக்குப் பின்னாடி போய் நிக்குது, 'முந்தான' முடிஞ்சு அப்புறம் கொம்பு. எப்படி சரி பண்றது?

எழுத்து_ராசா:

ந-வோட வாலக் குட்டையாக்குறது சரி, ஆனா த-வோட வாலுக்குச் சமமா ஆக்கிடாத, மூணும் மூணு அளவுல இறங்கட்டும், மு நீளமா, ந் குட்டையா, தா நடுவுல. மேக் வச்சிருந்தா நம்ம ஊர் முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி அதுலயே இருக்கும், பெருசாக்கி வச்சு வால் எங்க திரும்புது, எவ்வளவு இறங்குதுன்னு பாரு. காப்பி அடிக்க இல்ல, அளவு புரியறதுக்கு.

இலஸ்ட்ரேட்டர் விஷயம்: ப்ரிஃபரன்ஸ்ல டைப்புக்குள்ள போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் பண்ணு. அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர் எடு. கொம்பு முன்னாடி வந்துரும். வந்ததுக்கு அப்புறம்தான் க்ரியேட் அவுட்லைன்ஸ், அதுக்கு முன்னாடி பண்ணிராத. பிரிண்டருக்கு அவுட்லைன் ஃபைலும் பிடிஎஃப்பும் சேர்த்தே அனுப்பு.