செடானா வேகனா: குடும்பக் குழுவில் ஓர் இரவு

அண்ணன்: அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்த பிறகு பழைய வண்டி உதவாது என்பது தெளிவாகிவிட்டது. ஒரே மாடலில் செடானும் (டிக்கி பின்னால் தனியாக நீண்டிருப்பது) வேகனும் (கூரை கடைசி வரை நீண்டு, சாமான் வைக்கும் இடம் வண்டிக்குள்ளேயே இருப்பது) பார்த்து வைத்திருக்கிறேன். எஞ்சின், முன்பகுதி, சக்கரங்களுக்கு இடையிலான தூரம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். எது வேண்டும் என்று நாளை மாலைக்குள் சொல்ல வேண்டும். இந்த முறை உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன்.

அக்கா: போன முறையும் கேட்டிருக்கலாம், அண்ணா.

அண்ணன்: அதை இப்போது எடுக்காதே. எனக்குச் செடான்தான் பிடித்திருக்கிறது. டிக்கி 480 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள், வேகனுக்கு 560. பெரிய வித்தியாசம் இல்லை.

சித்தப்பா: தம்பி, லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் வி.டி.ஏ. முறையில், 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட, சரியாக ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி, எத்தனை அடங்கின என்று எண்ணித்தான் அந்த அளவைச் சொல்கிறார்கள். அவ்வளவு சிறிய கட்டை எந்த மூலையிலும் நுழைந்துவிடும், நாற்காலி நுழையாது. மேலும், இருக்கைகளை மடக்காதபோது வேகனுக்குத் தரும் அளவு பெரும்பாலும் பின்னிருக்கையின் முதுகு உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் கூரை வரை இருக்கும் இடம் அந்தக் கணக்கில் வராது. உள்ளே எவ்வளவு இடம் என்பதைவிட, வாய் எவ்வளவு அகலமாகவும் உயரமாகவும் திறக்கிறது என்பதைப் பார்.

அக்கா: சித்தப்பா சொல்வது சரி.

நான்: நேற்று அதைக் கண்ணாலேயே பார்த்தேன். பரிசோதனைக்கு அம்மாவை வாடகைச் செடானில் அழைத்துப் போனோம். டிக்கிக்குள் இடம் தாராளமாக இருந்தது, ஆனால் மடக்கிய நாற்காலியைப் படுக்க வைத்து உள்ளே தள்ளியபோது கால்தாங்கி பூட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் ஓரத்து ரப்பர் பட்டை பிய்ந்து வந்துவிட்டது. கடைசியில் கால்தாங்கிகள் இரண்டையும் கழற்றி, சக்கரத்தைச் சாய்த்து, ஓட்டுநரும் நானும் சேர்ந்து தூக்கி வைத்தோம். அதுவரை அம்மா பின்னிருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அத்தான்: மச்சான், செடானுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிக்கி தனி அறையாக இருப்பதால் சாமானின் சத்தமும் வாசனையும் உள்ளே வராது, உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று வெளியே தெரியாது. வேகனில் அந்த 17 கிலோ நாற்காலி பிள்ளைகளின் தலைக்குப் பின்னாலேயே கிடக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதன் மீதாவது மோதினால், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தோடு அது முன்னால் பாயும்.

சித்தப்பா: மாப்பிள்ளை சொன்னது மிக நியாயமான விஷயம். வேகன் எடுத்தால், இருக்கை முதுகுக்கும் கூரைக்கும் நடுவே தடுப்பு வலை கட்டாயம் வேண்டும். நாற்காலியைத் தரையில் உள்ள கொக்கிகளில் பட்டையால் இறுகக் கட்டியே வைக்க வேண்டும். கட்டுவதற்குச் சோம்பல்படுகிறவர்கள் வேகன் வாங்கக் கூடாது என்றே நான் சொல்வேன். பின்கண்ணாடியிலும் புழுதி சீக்கிரம் படியும், அதனால்தான் அங்கே ஒரு வைப்பர் வைக்கிறார்கள்.

அண்ணி: தினமும் ஓட்டப்போகிறவள் நான் என்பதால் நானும் சொல்கிறேன். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் சாமான்களோடு திரும்புகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது செடானின் டிக்கி எங்கே முடிகிறது என்று எனக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேகனில் பின்கண்ணாடி முடிகிற இடத்தில் வண்டியும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பின்கதவு மேலே தூக்கித் திறப்பதால், நம் ஷெட்டில் அது கூரையில் இடிக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

அண்ணன்: நீ இதை என்னிடம் சொல்லவே இல்லையே.

அண்ணி: நீங்கள் கேட்கவில்லை.

அத்தான்: பழைய வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள், மச்சான்?

அண்ணன்: அதைப் பிறகு பேசலாம், மாப்பிள்ளை.

அக்கா: பிறகு என்றால் எப்போது, அண்ணா? சென்ற ஆண்டும் இதைத்தான் சொன்னீர்கள்.

அம்மா: எல்லோரும் நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதிலிருந்து எழுந்து வண்டிக்குள் உட்கார வேண்டியவள் நான். நேற்று ஏறும்போது கூரை பின்பக்கம் சரிந்திருந்ததால் தலையைக் குனிய வேண்டியிருந்தது. இடுப்பு வளையாதபோது தலையை மட்டும் எப்படிக் குனிவது? இறங்கும்போது நெற்றியில் இடித்தது. உங்களிடம் சொல்லவில்லை.

நான்: அம்மா, பக்கத்திலேயே இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

சித்தப்பா: உங்கள் அம்மா சொன்னதுதான் முக்கியம். இருக்கையின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் தரை ஒன்று. ஆனால் வேகனின் கூரை கடைசி வரை சரியாமல் போவதால் பின்னிருக்கைக்கு ஏறும் பக்கக் கதவின் மேல்விளிம்பு சற்று உயரமாக இருக்கும். முன்னிருக்கையில் உட்கார வைத்தால் அந்த வித்தியாசமும் இருக்காது. உங்கள் அம்மா இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்க்கும் வரை யாரும் முடிவு சொல்ல வேண்டாம்.

அண்ணன்: இரண்டு நாள் அவகாசம் கேட்கிறேன். சனிக்கிழமை காலை அம்மாவை அழைத்துப் போய் இரண்டிலும் உட்கார வைத்துப் பார்ப்போம். என் மனம் இன்னும் செடானை விடவில்லை, ஆனால் வேகன் ஒத்துவந்தால் மறுக்க மாட்டேன். யார் யார் வருகிறீர்கள்?

அண்ணி: நான் வருகிறேன். நான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷெட்டை இன்றே அளக்கிறேன்.

அத்தான்: எனக்குச் சனிக்கிழமை முடியுமா என்று தெரியவில்லை.

அக்கா: நான் வருகிறேன், அவரைப் பற்றி நாளை சொல்கிறேன்.

அம்மா: நாற்காலியின் கால்தாங்கிகளைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள். தினமும் யார் கழற்றி மாட்டுவது?