பால் குடிச்சிட்டு தூங்குறான், கீழ வச்சா உடனே முழிச்சிக்கிறான். ராத்திரி எப்படி சமாளிக்கிறீங்க?

செந்தூல் புது அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். எனக்கு மொதப் பிள்ளை, பையன், மூணு வாரம் ஆகுது. பகல்ல பிரச்சனையே இல்ல, எழுப்பி எழுப்பித்தான் பால் குடுக்கணும். ராத்திரி ஒரு மணி ஆச்சுன்னா அழுகை ஆரம்பிச்சிரும், முகமெல்லாம் செவந்து போயி காலை மடக்கி மடக்கி அழுவான், தூக்கி நெஞ்சுல சாச்சிக்கிட்டா தூங்கிருவான், மெல்லமா மெத்தையில வச்சா முதுகு பட்ட உடனே கண்ணைத் தொறந்துருவான். வீட்டுக்காரருக்கு லீவு ஏழு நாள்தான், அது முடிஞ்சு வேலைக்குப் போறாரு. அத்தை பத்தியத்துக்காக பட்டர்வொர்த்லேர்ந்து வந்து எங்ககூடத்தான் இருக்காங்க, ரொம்ப நல்லா பாத்துக்கிறாங்க, ஆனா கவுத்துப் படுக்க வை, ஸ்பிரிங் தொட்டில்ல போட்டு விடிய விடிய ஆட்டு, வயித்துல யூ யீ எண்ணெய், அந்த மெந்தால் கலந்த எண்ணெய், தேய்ச்சா காத்து எறங்கிரும்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு, ஏன்னா பிறந்தப்பவே தொப்புள்கொடி ரத்தத்துல டெஸ்ட் பண்ணி ஜி6பிடி குறைபாடு, அதாவது சில பொருள், மருந்து பட்டா ரத்தச் செல் உடைஞ்சிர்ற பிறவிக் குறைபாடு, இருக்குன்னு சொல்லி ஒரு கார்டும் குடுத்திருக்காங்க. எது செய்யலாம் எது செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அத்தை மனசும் நோகக் கூடாது.

பிறை அக்கா, மூணு பிள்ளைங்க:
தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்றேன், உன் பிள்ளை நல்லாத்தான் இருக்கான். இந்த வயசுப் பிள்ளைக்கு ராத்திரி பகல் எதுன்னே தெரியாது, ஒடம்புக்குள்ள இருக்கிற அந்தக் கடிகாரம் வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். ஒரு நாளைக்கு 14லேர்ந்து 17 மணி நேரம் தூங்குவாங்க, ஆனா எல்லாமே துண்டு துண்டாத்தான். அதனால பகல்ல ஜன்னல் கர்ட்டன தொறந்து விடு, மிக்ஸி ஓடட்டும், டிவி ஓடட்டும், ஆளுங்க பேசட்டும், ராத்திரியில சின்ன விளக்கு மட்டும் போட்டு பேச்சே இல்லாம பால் குடு, பம்பர்ஸ் மாத்தறதா இருந்தாலும் கொஞ்சாம கொள்ளாம மாத்திட்டு படுக்க வை. ராத்திரி சுரக்கிற தாய்ப்பால்ல தூக்கத்துக்கான மெலடோனின் இருக்கு, அது அவனுக்கு ஒதவி பண்ணும்.

கீழ வச்சா முழிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. ஜப்பான்ல ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்துல 2022ல ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க. அழுவுற பிள்ளைய தூக்கி ஒடம்போட அணைச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நிக்காம நடக்கணும், திடுதிப்புன்னு நிக்கவோ திரும்பவோ கூடாது, தூங்கினதும் உடனே படுக்க வைக்காம அப்படியே மடியில வச்சிக்கிட்டு இன்னொரு அஞ்சுலேர்ந்து எட்டு நிமிஷம் உக்காந்திருக்கணும், அதுக்கப்புறம்தான் மெத்தை. பிள்ளை முழிக்கிறது முதுகு மெத்தையில பட்டு இல்லயாம், நம்ம ஒடம்பு அதுங்கிட்டேர்ந்து பிரியிற அந்த நேரத்துலதானாம். தூக்கம் ஆழமாப் போறதுக்கு முன்னாடி பிரிச்சா முழிச்சிக்கும். என் கடைசிப் பையனுக்கு இந்த உக்கார்ற பகுதிதான் பெரிய வித்தியாசம் காட்டுச்சு, நடக்கிறது எல்லா அம்மாவும் செய்யிறதுதானே.

இன்னொண்ணு, தூக்கத்துல முனகுவான், நெளிவான், மூஞ்சிய சுளிப்பான், சில நேரம் ஒரு சின்ன அழுகைகூட வரும். பாதித் தூக்கம் இந்த மாதிரிதான் இருக்கும். சத்தம் கேட்ட உடனே பாஞ்சு தூக்கிடாத, கொஞ்சம் பொறுத்துப் பாரு, தானா அடங்கிரும் பல தடவை.

மிஸ்ஸி செத்தாபாக்:
நான் கிளினிக் கெசிஹாத்தான்ல, அரசாங்க சுகாதார கிளினிக்ல, நர்ஸா வேலை பாக்குறேன். ஜி6பிடி விஷயத்த யாரும் லேசா எடுத்துக்காதீங்க சிஸ். மெந்தால், கற்பூரம் கலந்த எந்த எண்ணெயும், எந்த பாமும் பிள்ளை மேல தேய்க்க வேணாம், வயித்துலயும் வேணாம் உள்ளங்கால்லயும் வேணாம். அதைவிட முக்கியமா பாச்சை உருண்டை, அலமாரியில துணிக்கு நடுவுல போடுற வெள்ளை உருண்டை. அதுல இருக்கிற நாஃப்தலீன் இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைங்களோட ரத்தச் செல்ல உடைச்சிரும். பாட்டிமார் ஆசை ஆசையா எடுத்து வச்சிருக்கிற பழைய கைலி, சேலை எல்லாம் பெரும்பாலும் அந்த உருண்டை போட்ட அலமாரியிலேர்ந்துதான் வரும், அதை எடுத்து தொட்டில் கட்டுறதுதான் நமக்குத் தெரியாம நடக்கிற ஆபத்து. அந்த வாடை இருக்கிற துணி பிள்ளைக்கு வேணவே வேணாம், புதுசா காட்டன் துணி வாங்கி தொவைச்சு பயன்படுத்துங்க. வீட்ல வேற எங்க உருண்டை இருந்தாலும் எடுத்து வெளிய போட்ருங்க, பாத்ரூம்லகூட. நீங்க பால் குடுக்குறதால கச்சாங் பாராங், அதாவது ஃபாவா பீன்ஸ், நீங்களும் சாப்பிடாதீங்க. எந்த மருந்து வாங்கினாலும், நாட்டு மருந்தா இருந்தாலும், அந்தக் கார்டைக் காட்டிக் கேட்டுட்டு குடுங்க.

கவுத்துப் படுக்க வைக்கிறது கண்டிப்பா வேணாம், பிள்ளை முழிச்சிருக்கும்போது அம்மா பக்கத்துலயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுறது வேற விஷயம், தூங்குறதுக்கு மல்லாக்கத்தான். அமெரிக்காவுல 1994ல பிள்ளைகள மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தூக்கத்துலயே திடீர்னு பிள்ளைங்க இறந்து போறது பாதியளவு கொறஞ்சிருச்சு. மெத்தை கெட்டியா இருக்கணும், தலையணை, போல்ஸ்டர், பொம்மை ஒண்ணும் வேணாம், தொப்பி போட்டு தூங்க வைக்க வேணாம், நம்ம ஊரு சூட்டுக்கு பிள்ளை வெந்து போயிரும். ஸ்பிரிங் தொட்டில்ல ஒடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சுல இடிக்கும், மூச்சுக்குழாய் மடங்கலாம். பெரியவங்க பக்கத்துல முழிச்சிருக்கும்போது மெதுவா ஆட்டி அமைதிப்படுத்தலாம், ஆனா தூங்கினதும் தூக்கி மெத்தைக்கு மாத்திருங்க, ராத்திரி முழுக்க அதுலயே விடாதீங்க.

எப்ப ஓடி வரணும்னா, காய்ச்சல் 38 டிகிரியோ அதுக்கு மேலயோ இருந்தா, பால் குடிக்காம துவண்டு போயிருந்தா, வெளிறிப் போனா, மூத்திரம் தே ஓ, அதாவது பால் கலக்காத டீ, கலர்ல போனா, கண்ணு மஞ்சளா இருந்தா, எத்தனை மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு வாரம் தாண்டியும் லேசா மஞ்சள் தெரிஞ்சாலும் காட்டியே ஆகணும், உங்க பையனுக்கு இப்ப அந்த வயசு, அதனால நாளைக்கு வெளிச்சத்துல நல்லா பாருங்க.

ஆயர் ஈத்தாம் அப்பா:
சிஸ், உங்க வீட்டுக்காரர் இதைப் படிக்கணும். நானும் வேலைக்குப் போறவன்தான். நாங்க ராத்திரிய ரெண்டாப் பிரிச்சிக்கிட்டோம், ஒம்பது மணிக்கு மனைவி பால் குடுத்துட்டு வேற ரூம்ல போயி படுத்துருவாங்க, ஒரு மணி வரைக்கும் பிள்ளை என் பொறுப்பு, பாலுக்கு மட்டும்தான் எழுப்புவேன், ஏப்பம் எடுக்கிறது, பம்பர்ஸ், நடக்கிறது எல்லாம் நான். அம்மாவுக்குத் தொடர்ந்து மூணு நாலு மணி நேரம் தூக்கம் கெடைச்சாலே பாதிப் பாரம் எறங்கிரும். இந்த அழுகை ஆறு வாரத்துல உச்சத்துக்குப் போயி மூணு நாலு மாசத்துல தானா கொறையும்னு எங்க டாக்டர் சொன்னாரு, சொன்ன மாதிரியேதான் ஆச்சு. ஏதாவது ஒரு ராத்திரி உங்களால தாங்க முடியலன்னா, கோவம் வர்ற மாதிரி இருந்தா, பிள்ளைய மெத்தையில மல்லாக்கப் படுக்க வச்சிட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க, அழுதா அழட்டும், ஒண்ணும் ஆகாது. ஆனா எந்தக் காரணத்துக்கும் பிள்ளைய குலுக்கிராதீங்க, மூளையில ரத்தம் கசிஞ்சிரும்.

பிரிக்பீல்ட்ஸ் பாட்டி:
அம்மாடி, உன் அத்தை இடத்துலேர்ந்து நான் பேசுறேன். எங்க காலத்துல எண்ணெய் போட்டுத்தான் வளத்தோம், கவுத்துத்தான் போட்டோம், அதைத் தப்புன்னு நேரா சொன்னா எந்த மாமியாருக்கும் சுருக்குன்னு இருக்கும். வேணாம் வேணாம்னு மட்டும் சொல்லாம அவங்களுக்குன்னு ஒரு வேலைய குடு. சாயங்காலம் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி வெறும் தேங்காயெண்ணெய தொட்டு வயித்த வலஞ்சுழியா தேய்ச்சு விடச் சொல்லு, ரெண்டு காலையும் மடக்கி சைக்கிள் மாதிரி மெல்ல ஓட்டச் சொல்லு, காத்து நல்லாவே பிரியும். தாலாட்டு அவங்கதான் பாடணும், ராராரோ ஆரிரரோன்னு தெனமும் தூங்குறதுக்கு முன்னாடி ஒரே ராகத்துல பாடினா பிள்ளை அந்தக் குரலுக்குப் பழகிக்கும், இந்த ஃபோன்ல போடுற சத்தமெல்லாம் எதுக்கு. சாம்பிராணி மட்டும் வேணாம், அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. வசம்பு ஒரைச்சு நாக்குல தடவுறதும், தேன் வைக்கிறதும் வேணாம், தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது. ஜி6பிடி விஷயத்த கிளினிக் மிஸ்ஸி வாயால அத்தைய கேக்க வையி. அடுத்த செக்கப்புக்கு அவங்களையே கூட்டிட்டுப் போ.

செந்தூல் புது அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மிஸ்ஸி சொன்னதப் படிச்சிட்டு போயி பாத்தேன், அத்தை கொண்டு வந்த கைலி ரெண்டுலயும் அந்த உருண்டை வாடை அடிக்குது, எடுத்து தனியா கட்டி வெளிய வச்சிட்டேன். அவங்ககிட்ட கார்டைக் காட்டி சொன்னேன், பதறிப் போயிட்டாங்க, பட்டர்வொர்த் வீட்டு அலமாரியையும் சுத்தம் பண்ணச் சொல்லி மாமாவுக்கு உடனே ஃபோன் போட்டுட்டாங்க. கண்ணு மஞ்சளா இல்ல, காலையில ஜன்னல்கிட்ட வச்சு பாத்தேன். மிஸ்ஸி, இன்னும் ஒரே ஒரு கேள்வி, துணியில இறுக்கிச் சுத்தி படுக்க வைக்கலாமா, கை ஆடி ஆடித்தான் முழிக்கிற மாதிரியும் இருக்கு.

மிஸ்ஸி செத்தாபாக்:
சுத்தலாம் சிஸ். மெல்லிசான காட்டன் துணி, கை பக்கம் சேத்து, நெஞ்சுல உங்க ரெண்டு விரல் போற அளவுக்கு எடம் விட்டு. இடுப்புக்குக் கீழ லூசா இருக்கணும், காலை தவளை மாதிரி மடக்கி விரிக்க முடியணும், நேரா நீட்டி கட்டினா இடுப்பு மூட்டுக்கு நல்லதில்ல. மல்லாக்க மட்டும்தான், பெரண்டு படுக்க முயற்சி பண்ற அன்னிக்கே சுத்துறத நிறுத்திருங்க. கழுத்துக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா அவிழ்த்து விட்ருங்க.